உடலில் ஓடும் ஆறு

(ஸ்ரீரங்கம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது; இரண்டிற்கும் இடையே நம் ஸ்ரீரங்கம் தீவாக விளங்குகிறது. 1836-இல் அங்கே மேலணை எழுந்தது. ஆற்று நீர் வாய்க்காலாகவும் கிளை வாய்க்காலாகவும் பிரிந்து வயலை அடையும் முறையை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் உடலிலும் ஏறத்தாழ அம்முறையே அமைந்துள்ளது.

இருதயம் இறைக்கும் இரத்தம் பெருங்குழாய், சிறுகுழாய், மயிரினும் நுண்ணிய குழாய் எனப் பிரிந்து ஓடுகிறது. அது பாயும் வயல்களே உயிரணுக்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்பவை இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள். எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையில் தோன்றும் அவை சுமார் 120 நாள் உழைத்து மடிகின்றன. ஏறக்குறைய ஒரு குறுவைப் பயிரின் ஆயுள்! ஆகவே, புதியவை இடைவிடாது உண்டாக வேண்டும். அதற்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. இரும்பு குறைந்தால் இரத்தம் ஓடும். ஆனால் சுமை குறைந்த வண்டியாகவே ஓடும். இதுவே இரத்த சோகை.

ஒருமுறை வாய்க்கால் தூர்வாரும் வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஓர் அம்மையார் அடிக்கடி கரையில் உட்காருவதைக் கண்டு, சோம்பல் என்று கருதிக் கடிந்து பேசிவிட்டோம். பின்னர் மருத்துவ முகாமில் சோதித்தபோது அவருக்கு ஹீமோகுளோபின் 7 கிராமே இருந்தது. கருவுறாத பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. பிழை அவருடையதன்று, நம்முடையது.

அவர் தனியொருவர் அல்லர். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை உண்டு.

காரணங்களில் ஒன்று நம் காலடியிலேயே உள்ளது. திறந்த வெளியில் மலம் கழித்த மண்ணில் கொக்கிப் புழுவின் குஞ்சுகள் வளர்கின்றன. வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்த வழியே நுரையீரல் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன. அங்கே ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் உறிஞ்சுகின்றன. மடை ஒழுகும் வயலுக்கு எத்துணை நீர் பாய்ச்சினும் பயன் என்ன?

ஆதலின் கழிப்பறையும் காலணியும் கௌரவப் பொருள்களல்ல. இரத்தத்தைக் காக்கும் வேலிகள். கீரை, கேழ்வரகு, பயறு வகைகளை உண்ணுங்கள். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்கு உடலில் சேரும். உணவுடன் தேநீர் அருந்துவதைத் தவிருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் விடாது உட்கொள்ள வேண்டும். அப்போலிக் அமிலத்தை 1940-களில் அமெரிக்காவில் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை.

உறுப்பினர்களே! அடுத்த கிராம சபையில் சாலையையும் விளக்கையும் பேசுங்கள். கூடவே, ஊரில் எத்தனை தாய்மார்களுக்கு இரத்தம் சோதிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். வயலில் பயிர் வெளுத்தால் அன்றே காரணம் தேடுகிறோம். வீட்டில் முகம் வெளுத்தால் வாளாவிருக்கலாமா?