கூர் மழுங்கிய சங்கிலி வாள்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கண்மாய்களிலும் தரிசு நிலங்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல மரங்களை வெட்டும் வேலை நம் ஊர்களில் நடந்து வருகிறது. வெட்டிய மரம் விறகாகவும், மூட்டம் போட்டபின் கரியாகவும் விலையாகிறது. முற்காலத்தில் கோடரி செய்த இவ்வேலையை இப்பொழுது பெரும்பாலும் சங்கிலி வாள் செய்கிறது. மரம் அறுக்கும் மிஷின் என்று நீங்கள் வழங்கும் அந்தச் சாதனத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சியிலிருந்து இத்தகைய வாள் ஒன்று வாங்குவதற்கு மதிப்பீடு வந்தது. அதில் அரம், மாற்றுச் சங்கிலி ஆகியவற்றுக்கும் ஒரு சிறு தொகை கண்டிருந்தது. புதிய வாளுக்கு அரம் எதற்கு என்று எண்ணி, சிக்கனத்தை முன்னிட்டு, அந்த இனத்தை நானே அடித்துவிட்டேன். வாள் வந்தது; மரமும் விழுந்தது. மூன்றாவது வாரத்தில், அந்த வாளைப் பிடித்து வேலை செய்த தொழிலாளியை மருத்துவமனையில் சென்று காண நேர்ந்தது. மழுங்கிய சங்கிலி மரத்தில் இறங்காமையால் அவர் தம் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தியிருக்கிறார். கட்டை திடீரென்று அறுந்து விழவே, வாள் அவருடைய இடது தொடையில் பாய்ந்துவிட்டது. "மரத்தை அறுக்காத செயின் என் காலை அறுத்துவிட்டது, ஐயா" என்றார் அவர். நான்கு மாத காலம் அவருக்குக் கூலி இல்லை. நான் மிச்சப்படுத்திய தொகையோ சில நூறு ரூபாய்தான்.

மழுங்கிய வாள் அபாயம் குறைந்தது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. மரத்தில் இறங்காத சங்கிலியும் தசையில் எளிதாக இறங்கும்.

சங்கிலியின் பற்கள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைச் சற்றுக் கவனிப்போம். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி விறகு பிளந்துகொண்டிருந்தார். அப்பொழுது ஒரு வண்டின் புழு அடிக்கட்டையைக் குடைந்து செல்வதைக் கண்டார். அதன் வளைந்த தாடைகள் இரண்டும் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவின. அதைப் பார்த்து அவர் அமைத்த சங்கிலியே இன்றைய சங்கிலிகளுக்கு அடிப்படை. ஒரு பல் இடப்பக்கம் சீவும். அடுத்தது வலப்பக்கம் சீவும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. தச்சருடைய இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவு கனத்துக்கே சீவல் வரும் அன்றோ? அதுபோல, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை இந்த மேடே வரையறுக்கிறது.

இனி, கூர் மழுங்குவது எதனால்? சீமைக் கருவேலம் கெட்டியான மரம். காய்ந்துவிட்டால் மேலும் கெட்டி. ஆயினும் முதற் பகைவன் மரமன்று, மண்ணே. ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள சங்கிலி, முழு வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றுகிறது. ஆகையால் வாளின் நுனி ஒரே ஒரு விநாடி தரையைத் தொட்டாலும், பற்கள் அத்தனையும் பலமுறை மணலில் உராய்ந்துவிடுகின்றன. காலை முழுவதும் விறகு அறுத்தும் கெடாத கூர் இவ்வொரு விநாடியில் கெட்டுவிடும். கண்மாயில் நிற்கும் மரத்தின் அடிப்பட்டையில் வண்டல் அப்பியிருக்கும். அதைத் தட்டித் துடைத்துவிட்டு அறுங்கள். வேலி மரங்களில் ஆணியோ கம்பியோ புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். கிடக்கும் கட்டையின் அடியில் வேறொரு கட்டையைக் கொடுத்துத் தூக்கி வையுங்கள். தூக்க இயலாத பெருங்கட்டையை மேலிருந்து முக்கால் பங்கு அறுத்துவிட்டு, புரட்டிப் போட்டு மீதியை அறுங்கள்.

மழுங்கியதை அறிவதும் எளிது. கூரிய சங்கிலி தன் எடையாலேயே மரத்தில் இறங்கி, பெரிய சீவல்களாகத் தள்ளும். மழுங்கியது மாவு போன்ற தூளைக் கொட்டும், அழுத்தினால்தான் இறங்கும், எண்ணெய் இருந்தும் புகையும். அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து சென்றால், ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியுள்ளன அல்லது நீளத்தில் வேறுபடுகின்றன என்று கொள்ளலாம். இவற்றுள் ஏதேனும் தென்பட்டால் உடனே வாளை நிறுத்திவிடுங்கள். மேலும் அழுத்துவதனால் எரிபொருள் வீணாகும், இயந்திரம் சூடேறும், கை சோர்ந்து விபத்தும் நேரும்.

அரம் போடும் முறையைக் கூறுகிறேன். இயந்திரத்தை நிறுத்தி, பிளக் இணைப்பைக் கழற்றிவிட்டு, கையுறை அணிந்துகொள்ள வேண்டும். வாள் அசையாதபடி தகட்டை இறுகப் பொருத்த வேண்டும். நுனி சிறுத்துச் செல்லும் எலிவால் அரம் இதற்கு ஆகாது. நீளம் முழுவதும் ஒரே பருமனான உருண்டை அரமே வேண்டும். சங்கிலியின் வகைக்கு ஏற்ப அதன் விட்டம் 4 மில்லிமீட்டர், 4.8 மில்லிமீட்டர், 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் என வேறுபடும். வாளுடன் வரும் கைப்புத்தகத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். அரத்தைப் பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைச் சாய்வில், பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. ஒரு பக்கத்துப் பற்களை முடித்தபின் மறு பக்கத்தைத் தொடங்குங்கள். பற்கள் யாவும் ஒரே நீளமாக இருத்தல் அவசியம்; எல்லாவற்றிலும் குட்டையான பல்லையே அளவாகக் கொள்ள வேண்டும்.

முன்னுள்ள மேட்டைப் பற்றி மிகுந்த ஜாக்கிரதை தேவை. அரம் போடப் போடப் பல் தாழ்வதால் மேட்டையும் அளவாகக் குறைக்க வேண்டியதுதான். பொதுவாக மேடு பல்லின் உச்சிக்கு 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அளவுத் தகடு வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். வேகமாக அறுக்கட்டும் என்று கண்மதிப்பில் அதிகமாகத் தேய்த்தால், பல் அளவு மீறிக் கடிக்கும். வாள் அறுப்பவரை நோக்கித் துள்ளும் அபாயமும் மிகும்.

எரிபொருள் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் பற்களைப் பார்த்துவிடுவது நல்ல வழக்கம். அவ்வப்போது அரம் போட்டால் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல் போதும். சங்கிலியும் நெடுநாள் உழைக்கும். நாள் முழுவதும் விட்டுவிட்டு மாலையில் தேய்த்தால் பல் வீணாகக் கரையும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாள் வாங்கும் மதிப்பீட்டில் அரம், அளவுத் தகடு, மாற்றுச் சங்கிலி, கையுறை, காலுக்கான காப்புடை ஆகியவற்றைத் தவறாமல் சேருங்கள். ஊருக்கு இரண்டு இளைஞரையேனும் அரம் போடப் பழக்குங்கள். மரத்தை ஏலத்தில் எடுப்பவரிடம், அவருடைய ஆட்கள் கையில் அரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அரத்துக்கான தொகையை எந்த அதிகாரியேனும் அடிக்க முற்பட்டால், நான் கண்ட அந்தத் தொழிலாளியின் காலை அவருக்கு நினைவூட்டுங்கள். என் மேசைக்கு வரும் மதிப்பீடுகளில் அந்த இனம் விடுபட்டிருந்தால், இப்பொழுது நானே அதை எழுதிச் சேர்க்கிறேன்.