“அவங்க புள்ளைக்குக் குணமாயிடுச்சாம்”

(பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்கள் சிலவற்றைப் படிக்கும்போது மனம் கனத்துப் போகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காக நகையை அடகு வைத்து, வெளியூர் போய்ப் புதிய சிகிச்சை ஒன்றைச் செய்துவிட்டு, அடுத்த தவணைக்குப் பணமில்லாமல் நிற்கிறார்கள். ஏன் இந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: “அவங்க புள்ளைக்குக் குணமாயிடுச்சாம்.”

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். மனித நடத்தையை ஆராய்பவர்கள் இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் பணமும் மிஞ்சும். பிள்ளைகளும் வீண் ஊசிகளிலிருந்து தப்புவார்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். செக்ரெட்டின் என்பது சிறுகுடலில் சுரந்து செரிமானத்துக்கு உதவும் ஹார்மோன். வயிற்றுப் பரிசோதனையின்போது அதை ஊசியாகவும் போடுவதுண்டு. ஆட்டிசம் உள்ள 3 குழந்தைகளுக்கு அப்படிப் போட்ட சில வாரங்களில், பிள்ளை கண்ணைப் பார்க்கிறது, பேச்சு கூடியிருக்கிறது என்று பெற்றோர் சொன்னார்கள். 1998-இல் இது மருத்துவ இதழில் வெளியானது, தொலைக்காட்சியிலும் வந்தது. ஏராளமான குடும்பங்கள் அந்த ஊசியைத் தேடி அலைந்தன.

அந்தப் பெற்றோர் பொய் சொல்லவில்லை. அவர்கள் மாற்றத்தைப் பார்த்தார்கள். ஆனால் அந்த மாற்றம் ஊசியால்தான் வந்ததா? பிள்ளை நாளுக்கு நாள் வளர்கிறது. நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வருகின்றன. நிலைமை மிக மோசமாகும்போதுதான் நாம் புதிய சிகிச்சையைத் தேடி ஓடுகிறோம். அதன்பின் ஓரளவு தணிவது தானாகவே நடக்கக்கூடியது. கூடவே பேச்சுப் பயிற்சியும் நடந்துகொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசையோடு காத்திருக்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகவே தெரியும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு முறை இருக்கிறது. 60 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1999-இல் வெளியானது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் செக்ரெட்டின். மற்றதற்கு வெறும் உப்பு நீர் ஊசி. குலுக்கல் எதற்கு? நன்றாக இருக்கும் பிள்ளைகள் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நம் ஆசை மதிப்பெண் போடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

4 வாரங்கள் கவனித்தார்கள். செக்ரெட்டின் பெற்ற பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. உப்பு நீர் பெற்ற பிள்ளைகளிடமும் அதே போன்ற முன்னேற்றம் தெரிந்தது! இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஒப்பிட அந்த இரண்டாம் பிரிவு இல்லாமல் போயிருந்தால், எல்லாப் புகழும் ஊசிக்கே போயிருக்கும். ஓர் ஆய்வோடும் விடவில்லை. பின்னர் தொகுத்துப் பார்த்த 16 ஆய்வுகளில், 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடமும், செக்ரெட்டின் ஆட்டிசத்துக்குப் பயன் தருகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த 1999 ஆய்வின் முடிவைச் சொன்ன பிறகும், பங்கேற்ற பெற்றோரில் 69 சதவீதம் பேர் தங்கள் பிள்ளைக்குச் செக்ரெட்டின் கொடுக்க ஆர்வமாகவே இருந்தார்கள். இதை அறியாமை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளைப் பாசம் நம்பிக்கையை எளிதில் விடாது. அதனால்தான், மனம் ஒன்றைப் பற்றிக்கொள்வதற்கு முன்பே கேள்வி கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. சிகிச்சை பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? மதிப்பிட்டவருக்கு யார் எதைப் பெற்றார் என்று தெரியுமா? வேறு இடத்தில், வேறு ஆட்கள் செய்தபோதும் அதே முடிவு வந்ததா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல், குணமான ஒரு பிள்ளையின் வீடியோவை மட்டும் காட்டினால், அட்வான்ஸ் கட்டாமல் திரும்பி வாருங்கள்.

நம் நாட்டில் ஆட்டிசத்துக்கென்று ஸ்டெம் செல் சிகிச்சை விற்கப்படுகிறது. அதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே கூறிவிட்டது. “இது ஆராய்ச்சிதான்” என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைப்படி, ஆய்வில் பங்கேற்பவரிடம் ஆய்வுச் செலவை வாங்கக் கூடாது.

பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி, வீட்டில் நாம் பிள்ளையோடு செலவிடும் நேரம் ஆகியவை மெதுவாகத்தான் பலன் தரும். அவற்றிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சி தொடங்கும் முன் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து, ஞாபகத்தை நம்பாமல், அந்த நோட்டைப் பாருங்கள்.

புதிய சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன், அவர்கள் கொடுத்த காகிதங்களோடு நம் அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். தெரிந்த மருத்துவரிடமும் கேட்போம். நகை அடகுக்குப் போன பிறகு வருவதைவிட, அதற்கு முன் வருவது நல்லது.