தாலியும் பிரஜாவுரிமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





நான் மேடைப் பேச்சுக்குப் பழகியவள் அல்லள். பல்கலைக்கழகத்திலே இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி. கன்னியாஸ்திரிமார் நடத்திய பாடசாலையிலே எழுத்துக் கற்று, பத்திரகாளி அம்மன் கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்தவள். இவ்விழாவிலே பெண்களின் கடமையைப்பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டார். எங்கள் வீட்டிலே அண்மையில் எழுந்த ஒரு கேள்வியைப்பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டேன். அவர் பெரிய மனத்தோடு இணங்கினார்.

என் அக்காவுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. மாப்பிள்ளை நம்மூர்ப் பிள்ளைதான். சிறு வயதிலே பெற்றோருடன் சுவிற்சர்லாந்துக்குப் போய், இப்போது அங்கே வேலை பார்க்கிறார். சாதகம் பொருந்திவிட்டது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “இனியென்ன, தாலி ஏறினால் பிள்ளை அந்த நாட்டுப் பிரஜைதானே!” என்றார். எல்லோரும் மகிழ்ந்து சிரித்தோம். விறாந்தையிலே இருந்த அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. “தாலி வீட்டுக்குள்ள விடும் பிள்ளை, நாட்டுக்குள்ள விடாது. நான் பட்டவள், எனக்குத் தெரியும்” என்றார்.

அந்த ஒரு வசனத்தின் பொருளைத் தேடிப் போனதன் பயனே இன்றைய என் பேச்சு.

அம்மம்மாவின் தகப்பனார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, நமது துறைமுகத்துக் கடற்படைத் தளத்திலே வேலை செய்தவர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையிலே குண்டு போட்டன. அச்சத்தினால் அவர் மனைவி மகனுடன் தம் ஊருக்குப் போனார். அங்கே தாயார் நோயிலே விழ, திரும்பி வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வந்தபின் அதே வேலை, அதே வீடு. 1945ஆம் ஆண்டிலே அம்மம்மா இங்கேதான் பிறந்தார். அவருடைய அண்ணனும் போருக்கு முன் இங்கேதான் பிறந்தவர்.

பின்பு நாடு சுதந்திரம் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையிலே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையிலே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிள்ளை எங்கே பிறந்தது என்ற கேள்வி மட்டும் போதவில்லை. தாய் எந்த ஊரவள் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அம்மம்மாவும் அண்ணனும் பிறந்த மண்ணிலேயே பிரஜைகளாகாமற் போனார்கள்.

அவ்வாறு விடுபட்டோருக்காக 1949ஆம் ஆண்டிலே இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. விவாகமானவர் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் 7 ஆண்டும், விவாகமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வசித்திருக்க வேண்டும். ஒரே முறையிலே 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் வாசம் அறுந்துவிடும். குண்டுக்கு அஞ்சிப் போய், தாயின் நோய்க்காகத் தங்கிய அந்த ஒன்றரை ஆண்டு, அம்மம்மாவின் தகப்பனாருடைய மனுவைத் தின்றுவிட்டது. ஏறக்குறைய 8 இலட்சம் பேர் சார்பிலே மனுக்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே என்று படிக்கும்போது, எங்கள் வீட்டுக் கதை எத்தனை வீட்டுக் கதை என்று தெரிகிறது.

இனித்தான் தாலி கதைக்குள் வருகிறது. 1963ஆம் ஆண்டிலே அம்மம்மாவை இவ்வூர்ப் பிள்ளையான எங்கள் அம்மப்பா மணந்தார். கோயிலிலே கலியாணம். அம்மப்பாவின் தகப்பனார் உலக அனுபவம் உடையவர். “அக்கினி சாட்சி சரி, ஆனால் அக்கினிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது” என்று சொல்லி, அன்றைக்கே விவாகப் பதிவுகாரரை அழைத்துப் பதிவு செய்வித்தார். சிலர் அதை அபசகுனம் என்று முணுமுணுத்தார்களாம்.

இலங்கைப் பிரஜையின் வாழ்க்கைத் துணைவர், மனுவுக்கு முன் ஓராண்டு இங்கே வசித்திருந்தால், பதிவுப் பிரஜையாகும்படி விண்ணப்பிக்கலாம் என்று 1948ஆம் ஆண்டின் சட்டமே ஒரு வாசலை வைத்திருந்தது. அது தானாகத் திறக்கும் வாசலன்று. மனுப் போட வேண்டும், அதிகாரம் உடையோர் ஏற்க வேண்டும். அம்மம்மா விவாகப் பத்திரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் காத்திருந்து பிரஜையானார். தாலியைக் காட்டி அல்ல, அந்தத் துண்டைக் காட்டி.

அவருடைய அண்ணன் மணந்த பெண்ணோ அவரைப்போலவே நாடற்ற குடும்பத்தவள். 1964 ஒக்ரோபர் 30ஆந் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப்பற்றிப் பின்பு பேசுவது என்றும் தீர்மானித்தார்கள். 1974ஆம் ஆண்டிலே அந்த மீதியையும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் 1972ஆம் ஆண்டிலே மனைவி மக்களோடு தலைமன்னாரிலே கப்பலேறினார். அதன்பின் தங்கையும் தமையனும் இரண்டே முறைதான் முகம் பார்த்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே துறைமுகத்துக் காற்றைக் குடித்தவர்கள். ஒருவருக்கு விவாகம் நாட்டைத் தந்தது, மற்றவருக்குத் தரவில்லை.

தோழியரே, பெண்ணுக்குத் தனியாக நாடில்லை, கணவனின் நாடே அவள் நாடு என்பது உலகெங்கும் நெடுங்காலம் சட்டமாக இருந்தது. பிரித்தானியச் சட்டத்திலே 1948ஆம் ஆண்டுவரை அந்நியனை மணந்த பெண் பெரும்பாலும் தன் பிரஜாவுரிமையை இழந்தாள். சுவிற்சர்லாந்திலே அந்நாட்டவனை மணந்த அந்நியப் பெண் மணமான அன்றே பிரஜையானாள். 1992 தொடக்கத்தோடு அம்முறை நின்றது. எங்கள் உறவினர் சொன்னது முழுப் பொய்யன்று. முப்பது ஆண்டுக்கு மேலாகக் காலாவதியான உண்மை!

விவாகத்தினால் மட்டும் ஒரு பெண்ணின் பிரஜாவுரிமை தானாக மாறக்கூடாது என்று 1957ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தம் ஒன்று உரைத்தது. 1979ஆம் ஆண்டின் பெண்கள் சமவாயமும் அதை வற்புறுத்தியது. இலங்கை அதனை 1981ஆம் ஆண்டிலே ஏற்றது. அப்படியிருந்தும் இலங்கைத் தாயின் வழியாகப் பிள்ளை பிரஜையாவதற்கு 2003ஆம் ஆண்டின் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, இன்று நிலைமை என்ன? நான் படித்தறிந்த அளவிலே சொல்கிறேன்.

சுவிற்சர்லாந்துப் பிரஜையை மணந்தவர் அந்நாட்டிலே மொத்தம் 5 ஆண்டு வசித்து, 3 ஆண்டு இல்வாழ்க்கை நடத்தியிருந்தால் இலகு முறையிலே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலே வாழ்பவரென்றால் 6 ஆண்டு இல்வாழ்க்கையும் அந்நாட்டோடு நெருங்கிய தொடர்பும் வேண்டும். பிரான்சிலே விவாகமாகி 4 ஆண்டு கழிய வேண்டும். அங்கே போதிய காலம் வசிக்காதவருக்குப் பொதுவாக 5 ஆண்டு. பிரித்தானியாவிலே பிரஜையின் துணைவர் 3 ஆண்டு அங்கே வசித்து, நிரந்தர வதிவிட அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். கனடாவிலே விவாகத்துக்கென்று குறுக்கு வழி கிடையாது; நிரந்தர வதிவாளராகி 5 ஆண்டுக்குள் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆக, இந்நாடுகள் எதிலும் தாலி கட்டிய மறுநாள் பிரஜாவுரிமை வாசலிலே வந்து நிற்பதில்லை.

போர்க்காலத்திலே நம் மாவட்டத்திலிருந்து தோணியேறி மண்டபம் முகாமை அடைந்தவர்களை மறவாதிருப்போம். இந்தியப் பிரஜையை மணந்தவர் 7 ஆண்டு வாசத்தின்பின் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அந்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் உரிய பயணப் பத்திரமின்றி வந்தோருக்கு அவ்வழியை 2003ஆம் ஆண்டின் திருத்தம் அடைத்தது. உயிருக்கு அஞ்சி ஓடுபவன் கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டா நிற்பான்? அம்மம்மாவின் தகப்பனாரை ஒரு பக்கத்திலே வாட்டிய அதே கேள்வி, மறு பக்கத்திலே நம்மவரை வாட்டுகிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அப்பா மாப்பிள்ளையோடு தொலைபேசியிலே பேசினார். மாப்பிள்ளை ஒளிக்காமல் சொன்னார்: “மாமா, நான் இன்னும் பிரஜை இல்லை. விண்ணப்பித்திருக்கிறேன், முடிவு வரவில்லை.” இதிலே ஒரு நுட்பம் உண்டு. அவர் பிரஜையானபின் மணந்தால் அக்காவுக்கு இலகு முறை உண்டு. மணந்தபின் அவர் சாதாரண முறையிலே பிரஜையானால், அக்காவுக்கு அவ்வழி இல்லை. அக்காவும் சாதாரண முறையிலே, 10 ஆண்டு வாசம் காட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும். தை மாதத்து முகூர்த்தமா, கையெழுத்துக்குக் காத்திருப்பதா? வீட்டிலே இரண்டு நாள் வாக்குவாதம். இறுதியிலே அக்காவையே கேட்டார்கள்.

அக்கா சொன்னாள்: “நாளைத் தள்ள வேண்டாம். நான் அவரைத்தான் கட்டுகிறேன், அவருடைய கடவுச்சீட்டை அல்ல. பத்து ஆண்டு என்றால் பத்து ஆண்டு. என் காலாலே நடந்து போகிறேன்.” மறுநாளே ஜேர்மன் மொழி வகுப்பிலே சேர்ந்தாள். காத்திருப்போம் என்று அவள் சொல்லியிருந்தாலும் குற்றமில்லை. அறிந்து தீர்மானித்தாள் என்பதே எனக்குப் பெருமை.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். சாதகம் பார்க்கும்போதே இரு பக்கத்தாரின் வதிவிட நிலையையும் கேளுங்கள். அது சந்தேகமன்று, பெண்ணின்மேல் உள்ள அக்கறை. அனுமதிப் பத்திரம் வேறு, பிரஜாவுரிமை வேறு. கணவனின் கையிலுள்ள பத்திரத்திலேயே தொங்கும் பெண், அவன் கோபத்துக்கும் அஞ்சி வாழ நேரும். பத்திரத்துக்காக மட்டும் பொய் விவாகம் செய்வோரும் உளர். அப்படிப் பெற்ற பிரஜாவுரிமையைச் சுவிற்சர்லாந்து 8 ஆண்டுவரை ரத்துச் செய்யலாம். அக்கினியையும் ஏமாற்றி அரசையும் ஏமாற்றி எடுத்த பொருள் நிலைப்பது எப்படி?

இளைஞர்களே, உங்களுக்குச் சொல்வன சில. கலியாண நாளன்றே விவாகத்தைப் பதியுங்கள். உங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு தாய் தந்தையர் பத்திரங்களையும் பத்திரப்படுத்துங்கள். போகும் நாட்டின் மொழியை இங்கிருந்தே படியுங்கள். அங்கே பிள்ளை பிறந்தால் ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்திலே பிறப்பைப் பதியுங்கள். வேறு நாட்டுப் பிரஜாவுரிமையை விரும்பிப் பெற்றால் இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகும் என்பதை நினைவிலே வையுங்கள். 1987ஆம் ஆண்டின் திருத்தத்தினால் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி உண்டு. ஆனால் அதற்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றைப் பெறும் அவசரத்திலே மற்றதை அறியாமல் நழுவ விடாதீர்கள்.

அம்மம்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதிலே மூன்று துண்டுகள்: தகப்பனாரின் மனுவை நிராகரித்த கடிதம், தன் விவாகப் பத்திரம், தன் பிரஜாவுரிமைப் பத்திரம். அண்ணன் போன நாளிலே கொடுத்த படமும் அதனுள்ளே உண்டு. அக்காவின் பயணத்துக்கு நகைப் பெட்டி வாங்க அம்மா கடைக்குப் புறப்பட்டபோது அம்மம்மா சொன்னார்: “நகைக்கு ஒன்று வாங்கு பிள்ளை, துண்டுகள் வைக்கவும் ஒன்று வாங்கு. நகை போனால் திரும்பச் செய்யலாம்.”

தாலியின் புனிதத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது இரண்டு உயிர்களைச் சேர்ப்பது. அதன் வேலை அது. சேர்ந்த இருவரும் பிரியாதிருக்க ஒரு நாட்டிலே கால் ஊன்றும் உரிமையைத் தேடுவது நம் வேலை. அந்த வேலையிலே இச்சங்கம் நம் ஊர்ப் பெண்களுக்கு வழிகாட்டியாக நிற்க வேண்டும் என்று வேண்டி, கோணேசரும் மாதுமை அம்பாளும் உங்கள் எல்லோரையும் காக்கும்படி பிரார்த்தித்து, என் பேச்சை முடிக்கிறேன்.