கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்குமா?

பெசன்ட் நகர்ல இருந்து பேசறேன். நடுவுல காத்து சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, பீச் பக்கத்துல வீடுன்னா அப்படித்தான்.

கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "தியரிட்டிகல் கெமிஸ்ட்ரி லேப்ல சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. டெஸ்ட் டியூபே இல்லாத லேப்ல ரெண்டு மாசம் என்னத்தைக் கத்துக்கறது?"

நல்ல கேள்வி. நான் இன்ஜினியரிங் படிச்சப்போ, கோடிங் தெரியும்ங்கிற ஒரே தைரியத்துல இப்படி ஒரு லேப்ல போய் உட்கார்ந்தவன். அதனால சொல்றேன்.

மூலக்கூறுல எலக்ட்ரான்கள் எப்படி நடந்துக்கும்னு சொல்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926லயே வந்தாச்சு. ஆனா ஹைட்ரஜன் அணு மாதிரி ஒரே எலக்ட்ரான் இருந்தாத்தான் அதைப் பேப்பர்ல முழுசா தீர்க்கலாம். ஒரு தண்ணி மூலக்கூறுலயே 10 எலக்ட்ரான். அதனால எல்லாமே தோராயக் கணக்குதான். துல்லியம் கூடக்கூட நேரமும் எகிறும். ரொம்பத் துல்லியமான ஒரு முறையில மூலக்கூறோட அளவு 2 மடங்கானா, வேலை சுமார் 128 மடங்காகும். கோட் எழுதறவங்களுக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும். இந்தக் கணக்கையெல்லாம் போடக்கூடியதா மாத்தினதுக்குத்தான் 1998ல வால்டர் கோனுக்கும் ஜான் போப்பிளுக்கும் நோபல் கிடைச்சது.

சரி, என் கதைக்கு வர்றேன். சில தண்ணி மூலக்கூறுகள் சேர்ந்த கூட்டத்தோட ஆற்றலைக் கணக்கு போடணும். ஸ்கிரிப்ட் எழுதினேன், ரெண்டு நாள் ஓடுச்சு. ஒரு எரர் கூட இல்லை. கிராஃப் போட்டு பெருமையா காட்டினேன். அங்க பிஹெச்டி பண்ணிட்டிருந்த அக்கா எண்களைப் பார்க்கவே இல்லை. மூலக்கூறோட படத்தைத் திறந்தாங்க. "ஏன்டா, ஹைட்ரஜன் எல்லாம் ஆக்சிஜனோட சண்டை போட்டுட்டு இவ்வளவு தூரத்துல நிக்குது?"

நான் தூரத்தை போர்ங்கிற அலகுக்கு மாத்திக் குடுத்திருந்தேன். சாஃப்ட்வேர் அதை ஆங்ஸ்ட்ராம்னு எடுத்துக்கிச்சு. 0.96 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டிய பிணைப்பு 1.81 ஆகிடுச்சு. உலகத்துலயே இல்லாத தண்ணிக்கு ரெண்டு நாள் கணக்கு போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்கலை. கேட்காது. நாமதான் கேட்கணும்.

இதுக்கு நம்ம ஏரியா பக்கத்துலயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. அடையார் தாண்டி சர்தார் படேல் ரோட்டுல போனா கிண்டி. அங்க சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூணு பேரும் 1963ல ஒரு பேப்பர் போட்டாங்க. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல திரும்ப முடியும்ங்கிறது கேள்வி. அடிப்படை விதி ரொம்ப சிம்பிள்: பிணைப்பு இல்லாத ரெண்டு அணுக்கள் ஒரு அளவுக்கு மேல நெருங்க முடியாது. நெரிசல் நேரத்து பஸ்ல கூட ஒருத்தர் மேல ஒருத்தர் உட்கார முடியாதுல்ல, அதே லாஜிக். அந்த ஒரு விதியை வெச்சே வரைபடத்துல பெரும்பகுதியை "இங்கெல்லாம் நடக்காது"ன்னு அடிச்சிட்டாங்க. இன்னைக்கும் உலகத்துல எங்க ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடிச்சாலும், ராமச்சந்திரன் பிளாட்ல போட்டு அது நம்பற மாதிரி இருக்கான்னு பார்க்கறாங்க.

அந்த அக்கா கேட்டதும் இதே கேள்விதான்: இப்படி ஒரு மூலக்கூறு இருக்க முடியுமா?

அதனால தைரியமா போங்க. முதல் வாரமே பெரிய மூலக்கூறுல கை வைக்காதீங்க. விடை தெரிஞ்ச தண்ணியில ஆரம்பிங்க, கோணம் 104.5 டிகிரி பக்கத்துல வருதான்னு பாருங்க. அலகை ரெண்டு தடவை செக் பண்ணுங்க. என்ன பண்ணீங்கன்னு தினமும் நோட்டுல எழுதுங்க.

நான் அப்புறம் கெமிஸ்ட்ரி பக்கம் போகலை, சாஃப்ட்வேருக்கே வந்துட்டேன். ஆனா இன்னைக்கும் ஒரு புரோகிராம் எரர் இல்லாம ஓடினா, சந்தோஷத்துக்கு முன்னாடி சந்தேகம்தான் வருது. அந்த ரெண்டு மாசத்துல கிடைச்சது அதுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். டாட்டா!