ஏழு நாள், ஒரு கேபின், அம்மா

இன்னைக்கு வேலை, இன்டர்வியூ, லேஆஃப் எதுவும் கிடையாது. ரெண்டு மாசமா இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி: "அம்மாவை கப்பல்ல கூட்டிட்டுப் போனீங்களே, எப்படி இருந்துச்சு? எங்க வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?" தாராளமா போகலாம். ஆனா இது முழுக்க டிராவல் டிப்ஸ் எபிசோடா இருக்காது, இப்பவே சொல்லிடறேன்.

புதுசா கேக்கறவங்களுக்காக: நான் மூணு வருஷமா ஹாம்பர்க்ல வேலை பாக்கறேன். அம்மா கோபிசெட்டிபாளையம் பக்கம், கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அப்பாவையும்தான் கூப்பிட்டேன். "மாட்டை யாரு பாக்கறது?"ன்னு ஒரே வரில முடிச்சுட்டார். அதனால போன ஜூன் மாசம் அம்மா மட்டும் வந்தாங்க.

ஏன் கப்பல்? அம்மாவுக்கு முழங்கால் வலி. பாரிஸ், ரோம், சுவிஸ்னு பெட்டியை இழுத்துட்டு ரயில் ஏறி இறங்குறது நடக்காத காரியம். கப்பல்ல பெட்டியை ஒருதரம் பிரிச்சா போதும், ரூமே நம்மகூட வரும். ஹாம்பர்க்ல இருந்து ஒண்ணேகால் மணி நேர ரயில்ல கீல் துறைமுகம். அங்கிருந்து நார்வே போயிட்டுத் திரும்ப ஏழு ராத்திரி. நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்ல, ஆனா ஷெங்கன்ல இருக்கு, அதனால அம்மாவோட அதே விசா போதும். நீங்க பாக்கற கப்பல் சவுத்தாம்ப்டன்ல கிளம்புதுன்னா பிரிட்டன் விசா தனியா எடுக்கணும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எந்தெந்தத் துறைமுகம்னு பாருங்க.

ஏறும்போதே ஒரு கூத்து. ஸ்கேனர்ல அம்மாவோட பெட்டி நின்னுடுச்சு. உள்ள எலக்ட்ரிக் கெட்டில். சூடாகிற சாமான் எதையும் கேபின்ல விட மாட்டாங்க, தீ பயம். ரசீது குடுத்து வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஊறுகாய் மட்டும் தப்பிச்சுது.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரில இத்தாலிப் பக்கம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் செத்துப்போனாங்க இல்லையா, அன்னைக்கு சாயங்காலம் ஏறினவங்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கல. 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னுதான் அப்ப விதி இருந்துச்சு. அதுக்கப்புறம் மாத்திட்டாங்க. இப்பல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியாகணும். ஏழு குட்டி ஊதல், ஒரு நீள ஊதல். அது கேட்டா எல்லாரும் அவங்கவங்க இடத்துல போய்க் கூடணும்.

ஊதல் கேட்டதும் எனக்கு முன்னாடி அம்மாதான் எழுந்திரிச்சாங்க. கூடின இடத்துல கேபின் நம்பர் ஒவ்வொண்ணா கூப்பிட்டாங்க. நான் ஒரு வரிசை தள்ளி நின்னேன். எங்க நம்பர் வந்துச்சு. அம்மா கையைத் தூக்கல. ரெண்டாவது தரமும் தூக்கல. மூணாவதுக்கு நான்தான் கத்தினேன். ஜெர்மன்காரங்க இங்கிலீஷ் பிடிபடல போலன்னு நினைச்சேன். அம்மாவும் "என்ன இங்கிலீஷோ போ"ன்னு சிரிச்சுட்டாங்க.

ராத்திரி டென்மார்க்ல கிரேட் பெல்ட் பாலத்துக்கு அடியில கப்பல் போச்சு. பாலத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல 65 மீட்டர் உயரம் இருக்கு. ஆனாலும் கீழ நின்னு பாத்தா புகைபோக்கி இடிச்சிரும்னே தோணுது. அம்மா குழந்தை மாதிரி அண்ணாந்து பாத்துட்டு இருந்தாங்க. கேபினுக்கு வந்து லைட்டை அணைச்சதும், "ஏம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?"னு கேட்டேன். பதில் இல்ல. தூங்கிட்டாங்கன்னு நினைச்சு லைட்டைப் போட்டா, கண்ணை முழிச்சுட்டுப் படுத்திருக்காங்க. என் மூஞ்சியைப் பாத்து, "என்ன கண்ணு?"ங்கறாங்க.

அந்த நிமிஷம் வயித்துல என்னமோ பண்ணுச்சு. மூணு வருஷமா நான் ஆடியோ கால் பண்ணா அம்மா எடுக்கவே மாட்டாங்க. அப்பாதான் எடுத்து, "குளிக்கிறா, அப்பறம் கூப்பிடுவா"ம்பார். பத்து நிமிஷத்துல வீடியோ கால் வரும். மகள் மூஞ்சியைப் பாக்க ஆசைன்னு நான் பெருமையா வெளிய எல்லாம் சொல்லியிருக்கேன். அம்மா பாத்தது என் வாயை.

மறுநாள் முழுக்கக் கடல். காத்து, ஆட்டம், பாதிப்பேர் கேபினை விட்டு வெளிய வரல. பஃபேல உக்காந்து நேராவே கேட்டேன். முதல்ல மழுப்பினாங்க. அப்பறம், "சத்தம் கேக்குது கண்ணு. சொல்லுதான் வெளங்கறதில்ல"ன்னாங்க. மூணு வருஷமாம். அப்பாவுக்குத் தெரியுமாம்.

இத நான் அப்பறம் படிச்சேன். வயசாகும்போது வர்ற காது மந்தத்துல முதல்ல போறது உயர் அதிர்வெண். ச, ஸ, த மாதிரி மெய்யெழுத்துகளோட கூர்மை அங்கதான் இருக்கு. உயிரெழுத்து நல்லா கேக்கும். அதனால யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. சுத்தி இரைச்சல் இருந்தா சுத்தம். கப்பல் ஊதல் எப்படிக் கேட்டுச்சுங்கறீங்களா? 200 மீட்டருக்கு மேல நீளமான கப்பல்னா ஊதல் 70ல இருந்து 200 ஹெர்ட்ஸ்க்குள்ள இருக்கணும்னு சர்வதேச விதியே இருக்கு. அடிமட்டச் சத்தம். அம்மாவுக்கு அந்தப் பக்கம் காது பழுதில்லாம இருக்கு.

சரி, அடுத்து நான் செஞ்சத சொல்றேன். பாராட்ட மாட்டீங்க. நான் ஆடியோ எடிட் பண்றவ. உங்க காதுக்கு 'ஸ்' கூர்மையா குத்தக்கூடாதுன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து குறைக்கறவ. என் வீட்டுலயே இது தெரியலங்கற அவமானம், அப்பா அம்மா மேல கோபமா மாறிடுச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில, "பருப்பு வேணுமா? பருப்பு!"ன்னு குழந்தைகிட்ட பேசற மாதிரி சத்தமா, இழுத்து இழுத்துப் பேசினேன். பக்கத்து மேஜைல திரும்பிப் பாத்தாங்க. அம்மா நாப்கினை மடிச்சு வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. முப்பது வருஷம் வகுப்பறையை ஒரு பார்வையில அடக்கினவங்க அவங்க.

பெர்கன் அப்படியே போச்சு. மழை. ப்ரிக்கன்ல அந்தப் பழைய மரவீடுகள், யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், எல்லாம் பாத்தோம். அம்மா எனக்கு ரெண்டடி முன்னால நடந்தாங்க. பின்னாடி இருந்து கூப்பிட்டா கேக்காதுன்னு இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒருதரம் கூப்பிட்டேன்.

நாலாவது நாள் கைராங்கர். ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல கடல் உள்ள புகுந்து வந்திருக்கு. ஜூன்ல பனி உருகுறதால அருவிகள்ல தண்ணி நிறைய இருந்துச்சு. அங்க 'ஏழு சகோதரிகள்'னு பக்கத்துப் பக்கத்துல விழற அருவிகள். அதுல பெரியது சுமார் 250 மீட்டர் தடையே இல்லாம விழுது. நான் அம்மாவுக்கு முன்னாடி வந்து நின்னு, மூஞ்சி தெரியற மாதிரி, சாதாரணக் குரல்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நம்ம கன்னிமாரு"ன்னாங்க. வாய்க்கா ஓரத்துல ஏழு கல்லு நட்டுக் கும்பிடற கன்னிமார்சாமி. கை தானா கன்னத்துல போட்டுக்குச்சு.

எதிர்க்கரைல இன்னொரு அருவி, பேரு 'மாப்பிள்ளை கேட்டவன்'னு வெச்சுக்கோங்களேன். ஏழு பேரையும் பொண்ணு கேட்டு, ஏழு பேரும் முடியாதுன்னதால குடிக்க ஆரம்பிச்சுட்டானாம். அருவி நடுவுல பாட்டில் மாதிரி ஒரு உருவம் தெரியும். "குடிகாரனுக்குக் குடுக்காதது நல்லதாப் போச்சு"ன்னாங்க அம்மா. மூணு நாளைக்கப்பறம் அப்பதான் ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அந்த மலை விளிம்புலயே கைவிட்டுப்போன பண்ணை வீடுகள் தெரியுது. குழந்தைங்க கீழ விழாம இருக்க இடுப்புல கயிறு கட்டி வெச்சிருப்பாங்கன்னு சொல்லுவாங்க. அத சொன்னதும் அம்மா எதுவும் சொல்லல.

ராத்திரி பதினோரு மணிக்கும் அங்க வெளிச்சம் போகாது. பால்கனில எதிரெதிரே நாற்காலி போட்டு உக்காந்தோம். வாய் தெரியுது, பேச முடியுது. ஏன் சொல்லலன்னு திரும்பக் கேட்டேன், இந்தத் தடவை கோபமில்லாம. "சொன்னா முக்கியமானத மட்டும் பேசுவீங்க கண்ணு. எங்க மாமியார்கிட்ட நாங்க அப்படித்தான் பேசினோம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அதுக்கு மேல யாரும் பேசல. வெட்டிப்பேச்சு எல்லாம் நின்னு போச்சு."

எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. கடைசியா, "அப்ப என் போட்காஸ்ட்?"னு கேட்டேன். ஒவ்வொரு எபிசோடுக்கும் கருத்து சொல்லுவாங்களே.

"படிப்பேன். நீங்கதான் எழுதியும் போடறீங்களே."

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு எபிசோட்ல நான் நாற்பது ரவுண்டு இன்டர்வியூன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். இந்தப் பக்கத்துல பதினாலுன்னு திருத்திப் போட்டோம். அம்மா அன்னைக்கு "பதினாலு ரவுண்டா, பாவம்"னுதான் சொன்னாங்க. நான் கவனிக்கவே இல்ல.

கூட்டிட்டுப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, நடுக்கடல்ல போனை ஏரோபிளேன் மோட்ல போட்டுடுங்க, இல்லன்னா கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்ல சிக்கி பில் எகிறிடும். ரெண்டு, பெரியவங்களுக்குக் காதுல சந்தேகம் இருந்தா புக் பண்ணும்போதே கேளுங்க. கதவு தட்டினாலோ அலாரம் அடிச்சாலோ விளக்கு மின்னுற கருவி நிறைய கப்பல்கள்ல வெச்சிருக்காங்க. நான் அஞ்சாவது நாள்தான் ரிசப்ஷன்ல கேட்டு வாங்கினேன்.

ஊருக்குப் போனதும் கோயமுத்தூர்ல ஆடியோகிராம் எடுத்தாங்க. ரெண்டு காதும், உயர் அதிர்வெண் பக்கம் கோடு சரிவா இறங்குது. மெஷின் வாங்கியாச்சு. பாதி நாள் பீரோவுல இருக்கு, தட்டு கழுவற சத்தம் தலையில அடிக்குதாம். பழக சில மாசம் ஆகும்னு சொல்லியிருக்காங்க. நான் இப்ப வீடியோ கால்ல ஜன்னலைப் பாத்து உக்காந்துதான் பேசறேன், மூஞ்சில வெளிச்சம் விழற மாதிரி. நேத்து முக்கால் மணி நேரம் பக்கத்து வீட்டுக் கோழியைப் பத்திப் பேசினோம்.

அம்மாகிட்ட எழுத்து வடிவத்தை அனுப்பி, சரின்னு சொன்னதுக்கப்பறம்தான் இந்த எபிசோடைப் போடறேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாங்க. அந்தக் கெட்டிலைப் பெட்டில வெச்சது அவங்க இல்லையாம், அப்பாவாம்.