பெரிய திரையில் மங்கிய முகம்



பாடாங் செராயில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்பா விக்டோரியா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், இப்போது இல்லை. மகன் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு போனஸ் பணத்தோடு தவணையும் சேர்த்து 55 அங்குல டிவி வாங்குகிறார். கடையில் ஓடிய படத்தில் கிளியின் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது 2001இல் நடந்த மூத்த மகளின் கல்யாண வி.சி.டி. அப்பா தாரை வார்த்துக் கொடுக்கும் இடம் வருகிறது. முகம் கட்டம் கட்டமாகக் கலைகிறது.

“என்னப்பா, டிவி கெட்டுப் போச்சா? அப்பா முகமே தெரியலையே!”

டிவி கெடவில்லை. இந்த ஏமாற்றம் பல வீடுகளில் நடக்கிறது. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

வி.சி.டி. படத்தின் அகலம் 352 புள்ளி, உயரம் 288 புள்ளி. பெருக்கினால் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். எச்.டி. திரையில் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேல். ஆக, தட்டில் இருக்கும் ஒரு புள்ளியைக் கொண்டு திரையில் இருபது இடத்தை நிரப்ப வேண்டும். இப்போது கடைகளில் பரவலாக விற்கும் 4கே டிவி என்றால் எண்பது இடம். மீதியை டிவி ஊகித்துத்தான் போடுகிறது. பழைய 21 அங்குலப் பெட்டியில் திரையும் சிறியது, அதன் ஒளியும் சற்று மென்மையானது. குறை வெளியே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

டி.வி.டி. பரவாயில்லை. 720க்கு 576, நான்கு லட்சம் புள்ளி. ஆனால் இரவுச் சந்தையில் ‘ஒரே தட்டில் மூன்று படம்’ என்று விற்றார்களே, அது வேறு கதை. ஒரு படத்துக்கு உரிய இடத்தில் மூன்றைத் திணித்தால் மூன்றுமே மங்கும். தட்டு என்பதாலேயே படம் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் ஒளிபரப்பு? மலேசியாவில் தொலைக்காட்சி 1963இல் வந்தது, வண்ணம் 1978இல். ஆஸ்ட்ரோ 1996இல் தொடங்கியது. அதன் எச்.டி. சேவை 2009 டிசம்பரில் அறிமுகமானது. குனோங் ஜெராய் உச்சியிலிருந்து கெடா வீடுகளுக்கு வந்த பழைய அனலாக் அலை, 2019இல் நாடெங்கும் நிறுத்தப்பட்டபோது ஓய்ந்தது. அனலாக்கில் அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் கதை புரியும். டிஜிட்டலில் வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் உறைந்து நிற்கும். அடைமழையில் கூரைத் தட்டு வைத்திருப்போருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எச்.டி. ஒளிபரப்புக்கும் 2006இல் சந்தைக்கு வந்த ப்ளூ-ரே தட்டுக்கும் புள்ளிக் கணக்கு ஒன்றே. வேறுபாடு எங்கே? ப்ளூ-ரேயில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை தரவு ஓடலாம். துணைக்கோளில் ஒரே அலைவரிசைப் பாதையைப் பல நிலையங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு நிலையத்துக்கு இதில் கால் பங்கு கிடைப்பதே பெரிது. செய்தி வாசிப்பவர் அசையாமல் அமர்ந்திருக்கும்போது இது தெரியாது. காற்பந்து ரசிகர் கூட்டம், அருவி, பாட்டுக் காட்சியில் கொட்டும் பூ, இவற்றில்தான் கட்டம் விழும். ஆகவே நல்ல ப்ளூ-ரே தட்டை ஒளிபரப்பு எட்டுவது கடினம். தமிழ்ப் படங்கள் அந்தத் தட்டில் வந்தவையோ கொஞ்சம்தான்.

இடையில் ஒரு வேடிக்கை. திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டமாக ஓடும். இங்குள்ள ஒளிபரப்பு முறைக்கு ஏற்ப 25 சட்டமாக ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். விளம்பரம் எதையும் வெட்டாமலேயே ஆறு நிமிடம் மிச்சம்!

சில தவறுகள் வீட்டிலேயே நடக்கின்றன. எச்.டி. பெட்டியை மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் இணைத்தால் எச்.டி. வரவே வராது. எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். கடையில் வெளிச்சத்துக்காக வைத்த பளிச்சென்ற நிற அமைப்பை வீட்டில் ‘சினிமா’ என்று மாற்றினால் முகம் முகமாகத் தெரியும். பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுக்க வேண்டாம். மெலிந்த மனிதரும் பெருத்துப் போவார்.

கல்யாணத் தட்டுக்கு வருவோம். வீட்டில் பதிவு செய்யும் தட்டுகளில் சாயப் படலம்தான் படத்தைத் தாங்குகிறது. தகரக் கூரையின் வெப்பமும் வெயிலும் அதை அரிக்கும். படம் மங்கல் என்று தூக்கிப்போடுவதற்கு முன், ஓடும்போதே கணினியில் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. சிறிய கட்டத்தில் ஓடவிட்டால் அப்பா முகம் திரும்பக் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. வி.சி.டி. என்பது சுருக்கிய நகல். அன்று கேமரா பிடித்த அண்ணனிடம் மூல நாடா இருந்தால், அதில் டி.வி.டி. அளவுக்குப் படம் தெளிவாக இருக்கக்கூடும். அவர் கடையை மூடிவிட்டு வீட்டைக் காலி செய்வதற்குள் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.