விடை சொல்லும் இயந்திரமும் எழுத்தாளர் சன்மானமும்



பெங்களூரின் நீலசந்திராவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்கே ஒரு தாய், தம் பிள்ளைக்குக் கர்நாடகத்தில் சாதிச் சான்றிதழ் பெறும் வழியைக் கைப்பேசியில் தமிழிலேயே கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடியில் விடை வருகிறது. அவ்விடை வானத்திலிருந்து விழுந்ததன்று. நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் குடியேறிய ஒருவர், அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி அறிந்ததை இணையத்தில் எழுதி வைத்திருப்பார். அதன் சாரமே அது.

இதுகாறும் இருந்த ஏற்பாடு எளியது. தேடுபொறி வழி காட்டும். வாசகர் எழுதியவரின் பக்கத்துக்கு வருவார். அங்குள்ள விளம்பரத்தால் எழுதியவருக்குச் சிறு வருவாய் கிட்டும். இப்பொழுதோ, செயற்கை அறிவு இயந்திரம் வாசலிலேயே விடையைத் தந்துவிடுகிறது. வாசகர் உள்ளே வரவேண்டிய தேவையில்லை. வருகையை எண்ணி அளந்த கூலி, வருகை குறைந்தால் தானே குறையும்.

இவ்வழக்கு நம் நாட்டு நீதிமன்றத்துக்கும் வந்துள்ளது. 2024 நவம்பரில், ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின்மீது தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2025 டிசம்பரில், மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு ஒரு யோசனையை வெளியிட்டது. இயந்திரத்துக்குப் பயிற்சி அளிக்கப் படைப்புகளைப் பயன்படுத்துவதைப் படைப்பாளி தடுக்க இயலாது. ஆனால் அதற்கு உரிமைத்தொகை உண்டு. ஒரு மத்திய அமைப்பு அதனைத் திரட்டிப் பங்கிட்டுத் தரும் என்பது அதன் சாரம். மென்பொருள் தொழில்துறையின் அமைப்பாகிய நாஸ்காம் இதற்கு மாற்றுக் கருத்துத் தெரிவித்தது.

இம்முறை வானொலிக்குப் புதிதன்று. கேட்பவர் பாட்டுக்கெனத் தனியே காசு கொடுப்பதில்லை. ஆயினும் ஒலிபரப்பிய பாட்டுக்கு உரிமைத்தொகை உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், திரைப்பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி காத்தது. எந்தப் பாட்டு, எத்தனை முறை என்று பெயரும் கணக்கும் இருந்தால்தான் இத்தகைய பங்கீடு நடைபெறும்.

இங்கேதான் சிக்கல். இயந்திரத்தின் விடையில் பத்துப் பேரின் உழைப்பு கலந்து, ஒருவர் பெயரும் இன்றி வரக்கூடும். அதுவே கன்னடத்திலோ இந்தியிலோ மாற்றப்பட்டால், தமிழில் எழுதியவர் இருமுறை மறைகிறார். மொழிபெயர்ப்புத் தொழிலில் நாம் முதலில் கற்பது, மூல ஆசிரியரின் பெயரை விடலாகாது என்பதே. அந்தச் சிறு நேர்மையை இயந்திரத்திடமும் கேட்போம். பயிற்சிக்கு மட்டுமன்றி, ஒவ்வொரு விடைக்கும் மூலம் இன்னது என்ற கணக்கு வேண்டும். இல்லையேல், திரளும் தொகை பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடும். தனியாக எழுதும் தமிழரை எட்டாது.

அவர் எழுதுவதை நிறுத்தினால் நட்டம் அவருக்கு மட்டுமன்று. அடுத்த ஆண்டு விதி மாறும். புதிய விதியைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளிராது. இயந்திரமோ பழைய விடையையே தயக்கமின்றிச் சொல்லும். நீலசந்திராத் தாய் அதனை நம்பி வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்புவார். கிணற்றில் ஊற்று இருக்கும்வரைதான் இறைப்பவருக்கு நீர்.